கொடி மாத்திரையில் பாதி

மண்ணாங்கட்டி என்று ஒரு மனிதருக்குப் பெயர் இருந்தால் சிரிக்கத்தான் தோன்றும். சிரித்துவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாவது தங்கட்டும், எமன் கண்ணுக்கு இது ஒன்றுக்கும் உதவாத பொருளாகத் தெரியட்டும் என்று பெருமுக்கல் என்கிற ஊர்க்காரியான அவருடைய அம்மா வைத்த பெயர் அது. எமனும் ஏமாந்துதான் போனான். ஆனால் அந்தப் பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஏறி, அங்கிருந்து சர்க்கார் உத்தியோக உத்தரவிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. டாக்டர் உள்ளேயிருந்து "மண்ணாங்கட்டி" என்று குரல் கொடுத்தால், மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிற புது ஆள் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து முகம் சுண்டிப்போவான்.

உத்தியோகம் மாட்டாஸ்பத்திரியில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஓர் ஊர். பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்களின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு புங்க மரம், மாட்டை நிறுத்தக் குழாயில் அடித்த கூண்டு ஒன்று. காகிதத்தில் அவர் வெறும் உதவியாள்தான். ஊசியைக் கொதிக்க வைப்பதும் சாணி வாருவதும் வேலை. ஊர்தான் அவரைக் கம்பவுண்டர் ஆக்கியது. பத்து வருஷத்தில் அந்த வேலை முழுசும் கைக்கு வந்துவிட்டதால் பட்டத்தில் பொய் ஒன்றும் இல்லை.

டாக்டர் கிருஷ்ணசாமி நல்லவர். மாட்டுக்கு உயிரைக் கொடுப்பார். கன்று வயிற்றில் குறுக்கே திரும்பிக்கொண்டது என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார். நாயும் பூனையும் மட்டும் அவருக்கு ஆகாது. சர்க்கார் அனுப்புகிற மருந்தெல்லாம் மாட்டுக்குத்தான், நாய்க்கென்று ஒரு சொட்டுகூட வருவதில்லை, நான் என்ன செய்வது என்பார். அதுவும் நிஜம்தான். அதனால் யாராவது நாயைத் தூக்கிக்கொண்டு வந்தால், மண்ணாங்கட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

மண்ணாங்கட்டி பார்த்தார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். கடிக்கிற நாயின் வாயை வேட்டிக் கிழிசலால் எப்படிச் சுற்றிக் கட்டுவது, பூனையை அரிசிக் கோணியில் போட்டுத் தலையை மட்டும் எப்படி வெளியே விடுவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாட்டுக்குப் பென்சிலின் கரைத்துப் போட்ட சீசாவில் அடியில் கொஞ்சம் தங்கும். அதை உறிஞ்சினால் ஒரு நாய்க்கு ஓர் ஊசி தேறும். ஆனால் சீழ் பிடித்த புண்ணுக்கு ஒரு நாள் ஊசி எந்த மூலைக்கு? ஐந்து நாளோ ஏழு நாளோ விடாமல் மருந்து உள்ளே போக வேண்டும். அதற்கு அவர் பிடித்த வழி, மனிதர்கள் சாப்பிடுகிற ஆம்பிசிலின். கேப்சூல் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி சிவப்பு. ஊரில் அதற்குக் கொடி மாத்திரை என்று பெயர். எந்தக் கட்சியின் கொடி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நாயின் எடைக்குத் தகுந்த அளவை டாக்டரிடமே கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். தெரிந்துகொள்ளாமல் கொடுத்தார் என்று யாரும் அவர்மேல் பழி சொல்ல முடியாது.

மனுஷ மாத்திரை நாய்க்கு ஒத்துக்கொள்ளுமா என்று வருகிறவர்கள் எல்லாருமே கேட்பார்கள். அதற்கு அவர் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்.

"பெரியாஸ்பத்திரில மனுசனுக்குக் குடுக்கறாங்களே, அதே மாத்திரதான். நாய்க்கின்னு தனியா ஒண்ணும் கெடையாது. ரெண்டும் ஒண்ணுதான்."

இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஊர் டீக்கடையில் அவருக்கும் அவர் தெருக்காரர்களுக்கும் தனி கிளாஸ். சர்க்கார் சம்பளம் வாங்கியும் அந்த கிளாஸ் மாறவில்லை. அப்படிப்பட்ட ஊரில், வீட்டு வாசலில் அவரைத் தள்ளி நிற்கச் சொல்கிற ஆட்களிடமே, உன் வீட்டு நாய் தின்கிற மாத்திரையும் நீ தின்கிற மாத்திரையும் ஒன்று என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அவர் விடவில்லை. தேவைக்குமேல் ஒரு தடவை அழுத்தியே சொன்னார்.

இருதயமேரி ஏரிக்கரை ஓரம் தனியாகக் குடிசை போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைப் பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தாள். களை எடுக்க, மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலை பிடுங்க என்று கூலிக்குப் போவாள். நாலு ஆடு இருந்தது. அந்த நாலு ஆட்டையும் நரியிடமிருந்தும் அதைவிட மோசமான இரண்டு கால் பிராணிகளிடமிருந்தும் காப்பாற்றி வைத்திருந்தது வெள்ளையன் என்கிற நாய். அந்த நாய்க்கு அவள் செய்த மரியாதை ஊரில் புருஷனுக்குக்கூட யாரும் செய்ததில்லை. தட்டில் எது விழுந்தாலும் பாதி அதற்கு. கேப்பைக் கூழ் ஆனாலும் சரி, கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் கொடுக்கிற கேக் ஆனாலும் சரி, நடுவில் கோடு போட்ட மாதிரி பிரித்து வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கார்த்திகை மாசம். நாய்களுக்குப் புத்தி பேதலிக்கிற மாசம். வெள்ளையனும் எங்கேயோ போய்ச் சண்டை போட்டுக் கழுத்தில் கடி வாங்கிக்கொண்டு வந்தது. நாலாம் நாள் கழுத்து மாங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அவள் அதைக் கோணியில் போட்டு இடுப்பில் சுமந்துகொண்டு, ஏரிக்கரை முழுக்க நடந்து மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். பாதத்தில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் முள்ளும் கல்லும் குத்தாத கால் எங்கே இருக்கிறது? மண்ணாங்கட்டி அந்தத் துணியைப் பார்த்தார். பார்த்தார் என்பதுதான் பின்னால் அவரைத் தின்ற விஷயம். பார்க்காமல் இருந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு வழியாவது இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர் வேலை படு சுத்தம். வாயைக் கட்டினார், மயிரை மழித்தார், வீக்கத்தில் கண் வைத்திருந்த இடத்தில் கத்தியை வைத்தார். ஒரு கிண்ணம் சீழ் இறங்கியது. ஊதா மருந்து கலந்த தண்ணீரை அடித்து அடித்துக் கழுவி, சீசா அடியில் இருந்த பென்சிலினை ஊசியாகப் போட்டார். பிறகு மேஜை டிராயரில் மாதிரிக்காக வைத்திருந்த கொடி மாத்திரையை எடுத்துக் காட்டினார். நாக்குக்குப் பின்னால் வைத்து வாயை மூடிப் பிடி, தொண்டையைத் தடவிக்கொண்டே இரு, நாய் மூக்கை நக்கினால் முழுங்கிவிட்டது என்று அர்த்தம், அதுவரைக்கும் கையை எடுக்காதே என்று செய்தும் காட்டினார்.

இருதயமேரி அந்த மாத்திரையை உற்றுப் பார்த்தாள். இது ஆஸ்பத்திரியில் மனுஷாளுக்குக் கொடுக்கிறது ஆச்சே என்றாள். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். ரெண்டும் ஒண்ணுதான்.

"அப்ப வாங்க வேணாம் தம்பி. ஊட்லயே இருக்குது."

அவருக்கு இதில் சந்தேகப்பட ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் மிச்ச மாத்திரையைக் கூரையில் செருகி வைக்காத வீடு கிடையாது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். மீதியைக் காகிதத்தில் மடித்துக் கீற்றுக்குள் செருகிவிடுவார்கள். அடுத்து யாருக்கு வந்தாலும் அதுதான் முதல் வைத்தியம். அப்படி ஏதோ பழைய மிச்சம் என்று நினைத்தார். செலவு மிச்சம், நல்லதாகப் போயிற்று என்றுகூடச் சொன்னார்.

அவள் வீட்டில் இருந்தது பழைய மிச்சம் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு அஞ்சம்மாளோடு பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வந்தது. கருவேல முள் பாதத்தில் அரை விரல் ஆழம் ஏறி, பிடுங்கின இடம் சீழ் கோத்திருந்தது. அங்கே ஊசி போட்டு, இருபது மாத்திரை கொடுத்து, ஒரு நாளைக்கு நாலு வேளை, ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து காட்டு என்று சரியாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் நாய்க்குக் கட்டு மாற்ற வந்தாள். கழுத்துப் புண் சிவப்பாக, சுத்தமாக, நல்ல புண்ணாக இருந்தது. மண்ணாங்கட்டிக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு கத்தி வைக்க மெட்ராஸில்தான் ஆள் இருக்கிறான் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவள் அன்றைக்குப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்றிருந்தது. வெயில் என்று நினைத்தார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். மாத்திரை நல்ல மாத்திரைதானே, இதற்குக் கேட்கிறது என்றால் நன்றாகத்தானே வேலை செய்கிறது? முதல் தரமான மாத்திரை என்று அவர் சொன்னார். அவள் நிம்மதியாக எழுந்து, நொண்டிக்கொண்டே போனாள்.

ஆறாம் நாள் காலையில் அஞ்சம்மாள் ஓடிவந்தாள். மேரிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கால் கறுத்துப்போய்விட்டது, பேச்சு முன்னுக்குப் பின் வருகிறது, ஊசியை எடுத்துக்கொண்டு வா என்றாள். மனுஷாளுக்கு நான் ஊசி போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் அவர் செருப்பை மாட்டினார்.

குடிசைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவருக்கு வாடை வந்துவிட்டது. குளம்பு அழுகின மாட்டிடம் வருகிற வாடை. பத்து வருஷமாக அவருக்குப் பழகின வாடைதான், ஆனால் ஒரு மனுஷியிடம் அதை அவர் முகர்ந்ததில்லை. வெள்ளையன் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலைச் சுற்றியது. கழுத்துப் புண் மூடி, மேலே பொருக்குக் கட்டியிருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் கிடந்தாள். துணியைப் பிரித்துப் பார்த்தார். பாதம் கணுக்காலுக்கு மேல் வரை கறுத்து, தோல் கொப்பளித்துக் கிடந்தது.

மருந்து எதுவும் சாப்பிடவில்லையா என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவர் கேட்டது அவளுக்கு அசட்டுக் கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும்.

"சாப்ட்டேனே. காலையில எனக்கு, மத்தியானம் அதுக்கு, சாயந்தரம் எனக்கு, படுக்கறப்ப அதுக்கு. பாதிக்குப் பாதி. நீதான தம்பி சொன்ன, ரெண்டும் ஒண்ணுதான்னு. அதுக்கு ஆறிடுச்சு பாரு. எனக்கும் ஆறிடும்."

அவர் நாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஐந்து நாளும் அவள் தன் காலை அவிழ்த்துப் பார்க்கவில்லை, நாயின் கழுத்தைப் பார்த்தே தன் கால் எவ்வளவு ஆறியிருக்கும் என்று கணித்துக்கொண்டிருந்தாள். அங்கே கத்தி வைத்துச் சீழை இறக்கியாகிவிட்டது. இங்கே அது உள்ளேயே இருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இந்த வித்தியாசம் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் அவர்தான். அவர்தான் துணியைப் பார்த்தும் கேட்காமல் விட்டார்.

கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். விழுப்புரம் பஸ்காரர் வாடையைப் பார்த்து ஏற்ற மாட்டேன் என்றார். அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத மண்ணாங்கட்டி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றார். ஏற்றிக்கொண்டார்கள். விழுப்புரத்தில் ரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் கூடவே இருந்தார். மூன்றாம் நாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் இரண்டு மாத்திரை செருகி வைத்திருப்பதாகச் சொன்னாள். அவள் பங்கில் கடைசி நாளுக்கானது. நாய் மறுபடி எங்காவது போய்க் கடி வாங்கிக்கொண்டு வந்தால் ஆகும் என்று அதை மிச்சம் பிடித்திருக்கிறாள். மறக்காமல் எடுத்து வை என்றாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

உடலைக் கொண்டுவந்து குடிசையில் கிடத்தியபோது அவர் கீற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். செய்தித்தாள் துண்டில் மடித்த இரண்டு கொடி மாத்திரை இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அவர் போட்ட பிடிக்குள் அந்த இரண்டும் இருந்தன. அவளுக்குச் சேர வேண்டியது அவளுக்கே போகட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்தது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தெரியும்.

டாக்டர் கிருஷ்ணசாமியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவ்வளவு சர்க்கரை இருந்தால், முழு மாத்திரையும் சாப்பிட்டிருந்தாலும் கால் போயிருக்கலாம், நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனிதர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாய்க்கு அந்த மாத்திரையே வேண்டியதில்ல மண்ணாங்கட்டி. சீழ் இறங்கிட்டா, கழுவிக்கினு வந்தாலே ஆறிடும்" என்றார். முதலில் சொன்னது மண்ணாங்கட்டியின் காதோடு போய்விட்டது. இரண்டாவதாகச் சொன்னது போகவே இல்லை.

மகள் வந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். பாண்டிச்சேரி வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை. மண்ணாங்கட்டி ஒரு கயிறு கட்டி வெள்ளையனைத் தன் வீட்டுக்கு இழுத்து வந்தார். அவர் மனைவி கோவிந்தம்மாள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு, பிறகு அதற்கும் சேர்த்துக் களி கிண்டினாள்.

அதற்கப்புறம் ரெண்டும் ஒண்ணுதான் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. யார் நாயைக் கொண்டுவந்தாலும் முதலில் வீட்டில் யாருக்காவது புண், காய்ச்சல் உண்டா, ஆஸ்பத்திரி மாத்திரை நடக்கிறதா என்று விசாரிப்பார். காலில் துணி சுற்றியிருந்தால் அவிழ்க்கச் சொல்வார். நாயைப் பார்க்கச் சொன்னால் என் காலைப் பிடிக்கிறான் என்று தேவநாதன் என்ற பெரிய விவசாயி டாக்டரிடம் பிராது கொடுத்தார். ஊருக்கு ஒரு வருஷத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்தது. அப்படிப் பார்த்ததில் ஒரு காலையாவது காப்பாற்றினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒன்றும் அப்படி நடக்கவில்லை. அவிழ்த்துப் பார்த்த துணிக்கெல்லாம் கீழே வெறும் கீறலும் சேற்றுப்புண்ணும்தான் இருந்தன.

எண்பத்தாறு கார்த்திகையில் வெள்ளையன் மறுபடி கடி வாங்கியது. இந்தத் தடவை தொடையில், பல் ஆழமாக இறங்கியிருந்தது. காய்ச்சல் கண்டு சுருண்டு படுத்துவிட்டது. டாக்டரே குனிந்து பார்த்தார். இது கழுவி ஆறுகிற புண் இல்லை, மாத்திரை போட்டே ஆக வேண்டும், ஏழு நாள் என்றார். மண்ணாங்கட்டி திண்டிவனம் போய், ஏழு நாளைக்கும் உள்ள மாத்திரையை ஒரே தடவையாக வாங்கி வந்தார். வேளை தவறாமல் கொடுத்தார். நாலாம் நாள் நாய் எழுந்து நடந்தது. ஆறாம் நாள் கோழியைத் துரத்தியது.

ஏழாம் நாள் சாயங்காலம் கடைசி மாத்திரை. வெள்ளையன் களி உருண்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பிவிட்டு ஓடியது. அவர் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கோவிந்தம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அதான் நல்லாயிடுச்சே, உடேன். கூரையில செருகி வெச்சா யாருக்குனா ஆவும்."

மண்ணாங்கட்டி நின்றுவிட்டார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யாருக்கும் ஆவாது. இது இதோட பங்கு" என்றார். குரல் உடைந்துவிட்டதைக் கேட்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

நாயை மூலையில் மடக்கி, முட்டி போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து நாக்குக்குப் பின்னால் மாத்திரையை வைத்து மூடிப் பிடித்தார். தொண்டையைத் தடவினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை காலியாக இல்லை. வெள்ளையன் திமிறிப் பார்த்தது, உறுமிப் பார்த்தது, கடைசியில் மூக்கை நக்கியது. அதற்கப்புறமும் அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.